குடை புடிக்கற வேலை

பார்த்தீங்களா அம்மிணி, இப்ப ஒருத்தன் பஸ்ஸை ஒரசிட்டுப் போனானே, பச்சை பைக்குல? நீங்க காதைப் பொத்திக்கிட்டீங்க. நான் முன் சீட்டுக் கம்பியைப் புடிச்சவ இன்னும் விடலை, பாருங்க.

இத்தனைக்கும் எனக்குச் சத்தம் ஒண்ணும் புதுசில்லீங்க. நாங்க சோமனூரு. வீட்டை ஒட்டியே தறிக்கொட்டாய். கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து தறிச் சத்தத்துலயே படுத்து தறிச் சத்தத்துலயே எந்திரிக்கறேன். கரண்டு போயி தறி நின்னாத்தான் எனக்கு முழிப்பே வரும். ஆனா இந்த பைக்குச் சத்தம் மட்டும் ஆகறதில்லை. போன ஆடியில இருந்து இப்படித்தான்.

வெள்ளகோயில் போறேனுங்க. நீங்க கரூரா? அப்ப எனக்கு முன்னால எறங்க மாட்டீங்க, நல்லதாப் போச்சு. இந்தப் பை கால்ல இடிச்சா சொல்லுங்க, மடியில எடுத்து வெச்சுக்கறேன். பூவும் பழமும்தான். என்ற பையனுக்கு ஒரு பொண்ணு இருக்குதுன்னாங்க. முதல்ல பெரியவங்க நாங்க போயிப் பார்த்துட்டு வந்துரலாம்னு. எங்க நங்கையா, அதான் எங்க வீட்டுக்காரரோட அக்கா, அங்க பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பாங்க. நான் தாலியில்லாதவ பாருங்க, தனியாப் போயி நல்ல காரியம் பேசக்கூடாது.

பையன் பேரு சிபி. ஒரே பையன். நல்ல பையனுங்க. நானே சொல்லக்கூடாது, ஆனா எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க. என்ன, போன ஆடியில இருந்து அவனுக்கு ஒரு கெரகம் புடிச்சிருக்குது. அது ஒரு கண்ணாலத்தைப் பண்ணி வெச்சாச் சரியாப் போயிரும்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அதைத்தான் நெனைக்கறேன்.

பாலிடெக்னிக்குல ஆட்டோமொபைல் படிச்சானுங்க. அவிங்க அப்பா சேர்த்துவிட்டது. படிப்பு முடியறதுக்குள்ள அவிய போயிட்டாங்க. தறியில பாவு ஏத்திட்டு இருந்தவரு, நெஞ்சைப் புடிச்சுட்டு உட்கார்ந்தாரு, அவ்வளவுதான். சரி, படிச்சு முடிச்சவன் ஏதாவது கம்பெனிக்குப் போவான், மாசமானா சம்பளம் வரும்னு நான் பார்த்துட்டு இருக்கறேன், இவன் வந்து என்ன சொல்றானுங்கறீங்க? ரேஸ் பைக்குக்கு மெக்கானிக் ஆகோணுமாமா.

“ஏன்டா, அதுக்கா படிச்சே? அதைப் பட்டறையில போயி நின்னாலே சொல்லித் தருவாங்களே”ன்னேன்.

“அம்மா, பட்டறையில ரிப்பேர் ஆன வண்டி வரும். இங்க வண்டி ரிப்பேரே ஆகக்கூடாது. அதுதாம்மா வேலை”ன்னான்.

எனக்கென்னங்க புரியுது. கோயமுத்தூர்ல ஒரு ரேஸ் டீமு. பெஞ்சமின் சார்னு ஒருத்தர் தலைமை மெக்கானிக்கு. அவருகிட்ட ட்ரெயினிங். நானும் ஏதோ சேர்ந்த உடனே வண்டியைப் பிரிச்சு மாட்டுவான்னு நெனைச்சேன். எங்க! ஆறேழு மாசம் தரை கூட்டுனானுங்க. தரை கூட்டறது, சக்கரத்தைக் கழுவறது, ஸ்பேனரை எல்லாம் தொடைச்சு வரிசையா அடுக்கறது. ஒரு சொட்டு ஆயில் கீழ கெடந்தா அந்த மனுசன் திட்டுவாராமா. “நம்மூட்டுல ஒரு நாள் வெளக்கமாத்தைத் தொட்டிருப்பியாடா”ன்னு கேட்டேன். சிரிச்சான். கைக்குக் கை வெடிப்பு, நகமெல்லாம் கருப்பு. ஆனா மூஞ்சியில ஒரு வெளிச்சமுங்க. அவிங்க அப்பா போனதுக்கப்பறம் அந்த வெளிச்சத்தை அப்பத்தான் பார்த்தேன். சரி, என்ன கருமமோ படிக்கட்டும்னு விட்டுட்டேன்.

பொறவு ஒரு நாளு சின்னக் கம்பிச் சுருளும் ஒரு குறடும் கொண்டாந்தான். ரேஸ் வண்டியில முக்கியமான போல்ட்டு தலையில எல்லாம் ஓட்டை போட்டு, அதுல இந்தக் கம்பியைக் கோத்து முறுக்கி வெச்சிருவாங்களாமா. வண்டி எத்தனை அதிர்ந்தாலும் போல்ட்டு தானாக் கழண்டுக்கக் கூடாதுன்னு. முறுக்கு எல்லாம் ஒரே சீரா இருக்கோணும். கூடுனா கம்பி அந்துரும், குறைஞ்சா நிக்காது. இவனுக்கு அது வரமாட்டேங்குது. பழைய போல்ட்டு ரெண்டை மரப்பலகையில அடிச்சு வெச்சுட்டு உட்கார்ந்து முறுக்கறான், அந்து போகுது, மறுக்காவும் முறுக்கறான். நான் பார்த்துட்டே இருந்தேன். “இங்க குடுடா”ன்னு வாங்கி முறுக்கினேன். பாவுல இழை அந்தா முடி போடற கைங்க இது. ரெண்டாவது தடவையே நின்னுக்குச்சு. அவன் என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, “அம்மா நீயும் டீமுக்கு வந்துரு”ன்னான். தெனமும் பொழுது சாஞ்சா ரெண்டு பேரும் அதே வேலையா இருப்போம். நான் சொல்லிக் குடுத்தேன்னு டீமுல போயிச் சொல்லிட்டானாமா. அதைக் கேட்டுட்டுத்தான் அந்தத் தம்பி முதல் தடவை எங்கூட்டுக்கு வந்துச்சு. “கம்பி முறுக்கற அம்மாவைப் பார்க்கோணும்”னு.

அதாங்க, ஜோயல். டீமுல வண்டி ஓட்டற தம்பி. போத்தனூரு. வேதக்காரங்க. அவிங்க அம்மா எஸ்தர் ஸ்கூல் டீச்சரு. அப்பா ரயில்வேல இருந்தவரு, தவறிட்டாரு. அதும் ஒத்தைப் புள்ளைதான்.

நல்லா இருப்பானுங்க. ஒல்லியா, உசரமா, சிரிச்சா கன்னத்துல குழி விழும். ரேஸ் ஓட்டறவன்னா திமிரா இருப்பான்னு நெனைச்சேன், வந்தவன் நேரா சமையக்கட்டுல வந்து பலகை போட்டு உட்கார்ந்துட்டான். கொள்ளுப் பருப்பு கடைஞ்சிருந்தேன். அதை ஊத்தி ஊத்தித் தின்னான். ரெண்டாவது தடவை போட்டதும் சட்டியில தீர்ந்து போச்சு. சிபி என்ன பண்ணினான் தெரியுங்களா, தன்ற தட்டுல இருந்ததை எடுத்து அவன் தட்டுல ஊத்திட்டு இவன் மோரு ஊத்திக்கிட்டான். கொள்ளுப் பருப்புக்கு என்கிட்ட சண்டை கட்டற பையனுங்க இவன்! சின்னதுல இருந்து ஒரு சிநேகிதனையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததில்லை. பரவாயில்லை, இப்பவாச்சும் ஒருத்தன் கெடைச்சானேன்னு எனக்குச் சந்தோசம்.

அதுக்கப்பறம் வாரத்துக்கு ஒருக்கா வந்துருவான். முதல்ல ஆன்ட்டி, பொறவு அம்மா. ஒரு அதிசயம் சொல்றேன் கேளுங்க. தறி ஓடறப்போ பக்கத்துல நின்னு கத்துனாக் கூட எங்களுக்குக் கேக்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்குவோம். அந்தச் சத்தத்துல சிபி திடீர்னு தலையைத் தூக்குவான். “ஜோயல் வந்துட்டான்”ம்பான். நான் வெளிய வந்து பார்த்தா தெருவுல ஒண்ணும் இருக்காது. சித்த நேரம் கழிச்சுத்தான் அந்தக் கோடியில வண்டி திரும்பும். எப்படிடா கேட்டுச்சுன்னா, “என்ற கை பட்ட வண்டிம்மா அது, எனக்குத் தெரியாதா”ம்பான். மெக்கானிக்குக் காது, பார்த்துக்கங்க. அத்தனை நல்லாப் படிச்சிருக்கறான் வேலையை.

கண்டக்டர் தம்பி, வெள்ளகோயில் ஒண்ணு... ஆமா, இந்தா. பல்லடத்துல சித்த நிக்குமா? சரி, சரி.

எங்க விட்டேன்? ஆங். ஒருக்கா என்னைய ரேஸ் பார்க்கக் கூட்டிட்டுப் போனானுங்க. கோயமுத்தூர்ப் பக்கமே ஒரு ரேஸு. நல்ல வெயிலு. கழுத்துல அட்டை ஒண்ணு மாட்டிவிட்டு, வண்டி நிறுத்தற எடத்துல ஒரு சேர் போட்டு உட்கார வெச்சாங்க. என்ற பையன் டீமுச் சட்டையில மாப்பிள்ளையாட்ட இருந்தான். வண்டிச் சக்கரத்துக்கு ரெண்டுக்கும் கம்பளி மாதிரி ஒண்ணைச் சுத்தி வெச்சிருக்கறாங்க. ஏன்டா, சக்கரத்துக்குக் குளுருமான்னு கேட்டேன். டயர் சூடா இருந்தாத்தான் ரோட்டைப் புடிக்குமாமா. ஒவ்வொரு போல்ட்டா தொட்டுத் தொட்டுப் பார்க்கறான். நட்டு மேல கோடு கிழிச்சிருக்கறாங்க, அந்தக் கோடு நகந்திருக்குதான்னு குனிஞ்சு பார்க்கறான். சாமிக்கு அலங்காரம் பண்றவங்க பார்ப்பாங்களே, அப்படி.

பொறவு எல்லா வண்டியும் ரேஸ் ஆரம்பிக்கற கோட்டுல போயி நின்னுச்சு. ஜோயல் வண்டி மேல உட்கார்ந்திருக்கறான். பார்த்தா, என்ற பையன் ஒரு குடையை விரிச்சு அவன் தலைக்கு மேல புடிச்சுட்டு நிக்கறான்!

எனக்குச் சங்கடமாப் போச்சுங்க. நீங்களே சொல்லுங்க. மெக்கானிக்கு படிக்கப் போனவன், ஆயிரம் பேரு பார்க்க, இன்னொருத்தனுக்குக் குடை புடிச்சா பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? அதும் ஏதோ பேசிட்டே புடிக்கறான். ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறவனுக்கு என்ன கேக்கும், குனிஞ்சு குனிஞ்சு பேசறான். விசில் ஊதுனதும் எல்லாரும் வெளிய ஓடியாறாங்க, இவன் மட்டும் கடைசியா ஹெல்மெட்டு மேல உள்ளங்கையை ஒருக்கா வெச்சு எடுத்துட்டு வர்றான். ஆசீர்வாதம் பண்றவனாட்ட.

வீட்டுக்கு வந்து திட்டுனேன். “அந்தக் குடையை ஒரு ஆணியில மாட்டி வெக்கக் கூடாதா? உன்னையத்தான் புடிக்கச் சொல்லோணுமா?”

“ஆரும் சொல்லலைம்மா”ன்னான். “அந்த வேலைக்கு டீமுல எத்தனை பேரு அடிச்சுக்குவாங்க தெரியுமா? நான் கேட்டு வாங்குனேன்.”

கேட்டு வாங்குனானாமா. குடை புடிக்கற வேலையை. எனக்குப் புரியவே இல்லீங்க.

இந்தப் பொண்ணு விசயமெல்லாம் இப்ப ஆரம்பிச்சதில்லீங்க. போன வருசம் தைக்கு முன்னயே ரெண்டு எடம் வந்துச்சு. வேண்டான்னுட்டான். ட்ரெயினிங் முடியட்டுங்கறான். ஒரு நாளு வெடியால, நான் காப்பி ஆத்திட்டு இருக்கறேன், வந்து பக்கத்துல உட்கார்ந்தான். “அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்”னான். சொல்லுடான்னேன். டம்ளரை உருட்டறான். எனக்குப் பொறி தட்டுச்சு. நானே எடுத்துக் குடுத்தேன். “பொண்ணு விசயமாடா? எவளையாச்சும் புடிச்சிருக்குதா? சொல்லிடு சாமி. நம்ம ஆளுகளா இல்லாட்டியும் போகுது, வேதக்காரப் பொண்ணா இருந்தாக் கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” எந்தத் தாய் சொல்லுவாங்க அம்மிணி? எங்க பக்கத்துல? எங்க நங்கையா காதுல விழுந்திருந்தா என்னைய வெட்டியே போட்டிருப்பாங்க. அத்தனை பெரிய மனசு பண்ணிச் சொல்றேன் நானு.

அவன் என்னையவே பார்த்தான். பொறவு லேசாச் சிரிச்சுட்டு, “பொண்ணு இல்லம்மா”ன்னான்.

“அப்பறம் என்னடா, ட்ரெயினிங்கா?”

“ஆமாம்மா. ட்ரெயினிங்தான்.”

அவ்வளவுதான், எந்திரிச்சுப் போயிட்டான். காப்பி அப்படியே இருக்குது. பொண்ணே இல்லைங்கறதைச் சொல்றதுக்கு எதுக்குங்க அத்தனை பீடிகை?

அந்த ட்ரெயினிங் விசயத்தையும் சொல்லிடறேன். ஜோயலுக்கு ஸ்பெயின் நாட்டுல போயி ஓட்டறதுக்கு எடம் கெடைச்சுது. அதே ஊர்ல ரேஸ் மெக்கானிக்குப் படிப்பு ஒண்ணு. பெஞ்சமின் சார் எழுதிப் போட்டு இவனுக்கும் எடம் வாங்கிக் குடுத்துட்டாரு. எனக்குப் பெருமைதான், இல்லைங்கலை. ஆனா கடல் தாண்டி அனுப்பறதுன்னா மனசு ஒப்பலீங்களே. அப்ப ஜோயல்தான் வந்து சமாதானம் சொன்னான். ரெண்டு பேரும் ஒரே வீடு எடுத்துத் தங்கிக்குவாங்களாமா. நான் சப்பாத்தி தேய்க்கறேன், பக்கத்துல உட்கார்ந்து அவனும் தேய்க்கறான், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தேசத்துப் படமாட்ட வருது.

“அங்க போயி ஆருடா சமைப்பீங்க?”ன்னேன்.

“சண்டை போட்டு முடிவு பண்ணிக்கறோம்மா. ஆனா துணி அவன் தொவைக்கட்டும், நான் தொவைச்சா அவனுக்குப் புடிக்காது”ன்னான் ஜோயல்.

“என்னடா, புதுசாக் கண்ணாலம் ஆனவங்களாட்டப் பேசிக்கறீங்க”ன்னு சொல்லிட்டு நான் சிரிச்சேன். நான் மட்டுந்தான் சிரிச்சேன். அவனுக ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு இருந்தானுக. மாவுக் கையோட ஜோயல் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். என்னமோ தப்பாச் சொல்லிட்டம்போலன்னு நான் பேச்சை மாத்திட்டேன்.

பல்லடம் வந்துருச்சுங்களா? கூட்டம் ஏறுது. சித்த இப்படித் தள்ளி உட்காருங்க. ஆமா, சன்னல் தொறந்தே இருக்கட்டும்.

போன ஆடியிலதாங்க. மெட்ராசுப் பக்கம் ரேஸு. ஆடி நோம்பிக்குக் கூட வர முடியாதும்மான்னு சொல்லிட்டுப் போனான். மத்தியானம், சோறு உண்டு போட்டு சித்த படுக்கலாம்னு இருக்கறேன், பெஞ்சமின் சார் போன் பண்றாரு. எடுத்ததும், “அம்மா, சிபிக்கு ஒண்ணும் இல்லை”ங்கறாரு. அப்படிச் சொன்னாலே ஆருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னுதானுங்களே அர்த்தம்? எனக்கு அது ஓடலை. என்ற பையனுக்கு ஒண்ணும் இல்லை, முருகா, முருகான்னு கும்பிட்டுட்டு நிக்கறேன். அவரு அழறது அப்பறந்தான் காதுல விழுந்துச்சு.

முதல் வளைவுலயே முன்னால போன வண்டி சறுக்கிருச்சாமா. ஜோயல் அதுல மோதி ரோட்டுல விழுந்துட்டான். பின்னால வந்தவனுக்கு நிறுத்த எடமில்லை. ஆரையும் குத்தம் சொல்றதுக்கில்லீங்க. அந்தப் பின்னால வந்த பையனும் சின்னப் பையன்தான், அவனும் பைத்தியமாட்டம் கெடந்தானாமா.

அன்னிக்கு ஆரோ எடுத்த வீடியோ ஒண்ணு போனுக்குப் போன் சுத்துச்சு. நானும் பார்த்தேன். எல்லா வண்டியும் கோட்டுல நிக்குது. என்ற பையன் குடை புடிச்சிருக்கறான். விசில் ஊதுது. குடையை மடக்கறான், ஹெல்மெட்டு மேல கையை வெக்கறான், நடக்கறான். நாலு தப்படி போயித் திரும்பிப் பார்க்கறான். அதோட நான் நிறுத்திட்டேன். அதுக்கு மேல பார்க்கலை. இன்னிக்கு வரைக்கும் பார்க்கலை.

இப்படி ஆராச்சும் செத்துட்டா, வண்டியில ஏதாச்சும் கோளாறு இருந்துச்சான்னு பார்ப்பாங்களாமுங்க. வண்டியை ஒரு அறையில போட்டுப் பூட்டி, ஆபீசருக வந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்ப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடான்னு எல்லாரும் கூப்பிடறாங்க, இவன் அந்த அறை வாசல்லயே உட்கார்ந்துட்டானாமா. எனக்கு பயமுங்க. பழி இவன் தலையில விழுந்துட்டா? அவனோட வண்டிக்கு இவன்தானே மெக்கானிக்கு? நான் வேண்டாத தெய்வமில்லை.

தெய்வம் கைவிடலீங்க. பெஞ்சமின் சார் வெளிய வந்து இவன் தோளைப் புடிச்சு, “தம்பி, வண்டியில ஒரு குறையும் இல்லை. ஒரு நட்டு நகரலை. நீ முறுக்குன கம்பியெல்லாம் முறுக்குனபடியே இருக்குது. உன்மேல ஒரு தப்பும் இல்லை”ன்னு சொன்னாராமா.

அதைக் கேட்டுத்தானுங்க அழுதானாமா. அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. தரையில விழுந்து, அந்த ஆபீசருக எல்லாம் பதறிப்போற அளவுக்குக் கதறுனானாமா. “அப்படீன்னா, என்னால ஒண்ணுமே பண்ணியிருக்க முடியாதுங்களா சார்?”னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டானாமா. பெஞ்சமின் சாரே என்கிட்ட சொன்னாரு. தப்பில்லைன்னு சொன்னா ஒரு மனுசனுக்கு நிம்மதி வருமா, அழுகை வருமா? எனக்கு இன்னும் வெளங்கலை. தப்பு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு நெனைச்சானோ என்னமோ. அப்படியும் ஒருத்தன் நெனைப்பானுங்களா?

சாவுக்குப் போத்தனூருக்கு நானும் போனேன். சர்ச்சுல பெட்டியை வெச்சிருக்கறாங்க. சிபி உள்ளயே வரலை. டீமுப் பசங்களோட கேட்டுக்கிட்ட நிக்கறான். அந்த எஸ்தர் டீச்சரு, மகனைப் பறிகொடுத்த பொம்பளை, சுத்திச் சுத்திப் பார்க்கறாங்க. “சிபி எங்க? சிபி வரலையா?”ங்கறாங்க. தானே எந்திரிச்சு வெளிய போயி, அவன் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து, பெட்டிக்குப் பக்கத்துல, தன்ற பக்கத்துச் சேர்ல உட்கார வெச்சுக்கிட்டாங்க. சொந்தக்காரங்க உட்கார்ற எடமுங்க அது. வர்றவங்க எல்லாரும் டீச்சர் கையைப் புடிச்சு ஆறுதல் சொல்லிட்டு, வரிசையில அடுத்து இருக்கறானேன்னு இவன் கையையும் புடிச்சுட்டுப் போறாங்க. இவன் பெட்டி மேல ஒரு கை வெச்சபடிக்கு வெச்சிருந்தான்.

எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. தகப்பன் இல்லாத பையன்னு பார்த்து, தன்ற புள்ளைக்குப் பதிலா இவனைத் தத்து எடுத்துக்கப் பார்க்கறாங்களோன்னு கூட ஒரு ரோசனை ஓடுச்சு. துக்க வீட்டுல அப்படி நெனைக்கக் கூடாதுதான். பெத்த வயிறு, நெனைச்சுப் போட்டேன்.

நாப்பதாம் நாளு ஜெபம் வெச்சாங்க. அதுக்கும் கூப்பிட்டாங்க. போனேன். எல்லாரும் போனதுக்கப்பறம் டீச்சரு என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, “தங்கமணியம்மா, ஒரு விதத்துல பார்த்தா நாம சம்பந்திங்க. அவனை அனாதையா விட்றாதீங்க. அவன் அழறப்ப பக்கத்துல உட்கார்ந்திருங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்”ன்னாங்க.

சம்பந்தியாமா! அந்தம்மாவுக்குப் பொண்ணே கெடையாதுங்க. ஜோயல் ஒத்தைப் புள்ளைன்னு சொன்னேனில்ல? பொண்ணில்லாத வீட்டுல சம்பந்தம் எங்கிருந்து வரும்? துக்கம் மூளைக்கு ஏறிருச்சுன்னு நெனைச்சுட்டு, ஆமாங்க டீச்சர், ஆமாங்கன்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். அனாதையா விட்றாதீங்களாமா. என்ற புள்ளையை நான் ஏனுங்க அனாதையா விடறேன்?

ஆனா ஒண்ணுங்க. அவன் அழறப்ப நான் பக்கத்துல உட்கார்றதில்லை. எப்படி உட்கார்றது? கதவைச் சாத்திக்கறானே. நானும் வெளிய இருந்து, “போதும் எந்திரிடா, ஆம்பளைப் பையன்”னு சொல்லிட்டுத்தான் இருக்கறேன்.

டீமுக்குப் போறதில்லை. ஸ்பெயினுக்குப் போக மாட்டேன்னுட்டான். பெஞ்சமின் சார் வீட்டுக்கே வந்தாரு. “உனக்காக எடத்தை வெச்சிருக்கறாங்க. எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கறேன், உன் கையாட்ட ஒரு கை பார்த்ததில்லைடா”ன்னு கெஞ்சுனாரு. அவரு முன்னால கையை நீட்டுனான். நடுங்குது. “கோட்டுல வேற ஆரோ உட்கார்ந்திருப்பாங்க சார். அதை என்னால பார்க்க முடியாது”ன்னான். இப்பத் தறியிலதான் நிக்கறான். எந்தத் தறி ஓட்ட வேண்டாம்னு படிக்கப் போட்டமோ அதே தறி. அவரு போறப்ப வாசல்ல நின்னு என்னைய ஒரு பார்வை பார்த்தாரு. “அவனுக்கு அவகாசம் குடுங்கம்மா”ன்னாரு. எல்லாரும் எனக்கே புத்தி சொல்றாங்க, பாருங்க.

செத்தவங்களைத் திட்டக்கூடாதும்பாங்க. நான் திட்டறனுங்க. தனியா இருக்கறப்ப திட்டுவேன். ஏன்டா பாவி, கொள்ளுப் பருப்பு ஊத்துனனேடா உனக்கு, என்ற பையனோட கையை எதுக்குடா கூடவே எடுத்துட்டுப் போனேன்னு. திட்டிட்டு, அவன் சப்பாத்தி தேய்ச்சது நெனைப்பு வந்துரும். அப்பறம் எங்க திட்டறது.

இன்னிக்கு வெடியால நடந்ததைச் சொல்றேன், நீங்க படிச்சவங்க, அர்த்தம் சொல்லுங்க. பூவெல்லாம் எடுத்து வெச்சுட்டு, “வெள்ளகோயில் போயி பொண்ணைப் பார்த்துட்டு வந்தர்றேன் சாமி. உனக்கும் ஒரு துணை வேணும்”னேன். கோவப்படுவான்னு பார்த்தேன். படலை. வந்து என்ற கால்மாட்டுல உட்கார்ந்தான்.

“அம்மா, அப்பா போனதுக்கப்பறம் உனக்கு ஆராச்சும் மாப்பிள்ளை பார்த்தாங்களா?”ன்னு கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. “என்னடா பேச்சு இது, பெத்தவகிட்ட?”

“ஏன் பார்க்கலை?”

“எப்படிடா பார்ப்பாங்க? அத்தனை வருசம் ஒண்ணா வாழ்ந்த மனுசன். அந்த எடத்துல இன்னொருத்தரை வெச்சுப் பார்க்க முடியுமா?”

“முடியாதில்லம்மா?”

“முடியாது.”

“அவ்வளவுதாம்மா”ன்னான். என்ற கால் மேல ஒருக்கா நெத்தியை வெச்சு எடுத்தான். எந்திரிச்சுப் போயி தறியைப் போட்டுட்டான். சத்தம் ஆரம்பிச்சுருச்சு. அதுக்கு மேல என்ன பேசறது?

அவ்வளவுதான்னா என்னங்க அர்த்தம்? நான் கேட்டது அவன் கண்ணாலத்தைப் பத்தி. அவன் கேட்டது அவிங்க அப்பனைப் பத்தி. ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்? பஸ் ஏறுனதுல இருந்து அதையே ரோசிச்சுட்டு வர்றேன்...

என்னங்க அம்மிணி, நீங்க ஏன் என்ற கையைப் புடிச்சிருக்கறீங்க? அந்த டீச்சரு புடிச்ச மாதிரியே புடிக்கறீங்க. எதாச்சும் சொல்லோணுங்களா? ... வேண்டாங்க. வேண்டாம், சொல்லாதீங்க. எறங்கற எடம் வந்துருச்சு. எதுவா இருந்தாலும் இப்பச் சொல்லாதீங்க.

அதா, பொட்டிக்கடைக்கிட்ட நிக்கறாங்களே, பச்சைச் சீலை, அவியதான் எங்க நங்கையா. சித்த இந்தப் பையைப் புடிங்க. விபூதி கலைஞ்சுருச்சுங்களா? மூஞ்சி அழுத மாதிரி தெரியுதுங்களா? பொண்ணு பார்க்கப் போற எடத்துக்கு இப்படிப் போகக்கூடாதுங்க. அவங்க வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது? பையனோட சிநேகிதன் ஒருத்தன் செத்துட்டான்னா? போன ஆடியில? சிநேகிதனுக்கு ஆராச்சும் இத்தனை நாளைக்கு அழுவாங்களான்னு கேப்பாங்களே, என்ன சொல்றதுங்க?